மிஸ் மார்வெல் ஆறாம் இதழ்: நாயகியை மறைக்கும் துணைப்பாத்திரங்கள்

சித்திரக்கதை ஒன்றைப் பற்றி ஆய்விதழில் எழுதுவதென்றால், "காமிக்ஸ் எல்லாம் இலக்கியமா?" என்ற கேள்வி முதலில் வந்து நிற்கும். அதற்கு நீண்ட பதில் தேவையில்லை. இந்த நாட்டில் முகம்மது காசிம் சித்திலெவ்வை 1885இல் எழுதிய 'அசன்பே சரித்திரம்' ஒரு சாகசக் கதைதான். தமிழ் நாவலின் தொடக்க வரலாற்றில் அதற்கு நாம் பெருமையோடு இடம் கேட்கிறோம். முத்து காமிக்ஸிலும் ராணி காமிக்ஸிலும் மாயாவிகளைத் துரத்தித் துரத்தி வாசித்த தலைமுறைதான் இன்று பாடசாலைகளில் தமிழ் படிப்பிக்கிறது. நானும் அதில் ஒருத்தி. ஆகவே சாகசக் கதைக்கு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. உள்ளே வந்து பேசலாம்.

நான் பேச எடுத்துக்கொள்வது மார்வெல் நிறுவனத்தின் 'மிஸ் மார்வெல்' தொடரின் ஆறாவது இதழ். 2014ஆம் ஆண்டு பெப்ரவரியில் தொடங்கிய இத்தொடரின் எழுத்தாளர் ஜீ. வில்லோ வில்சன். இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கப் பெண். சில காலம் கெய்ரோவில் வாழ்ந்தவர். பதிப்பாசிரியர்களுள் ஒருவரான சனா அமானத் பாகிஸ்தானியப் பெற்றோரின் மகள். இவர்கள் உருவாக்கிய கமலா கான், ஜேர்சி சிட்டியில் வாழும் பதினாறு வயதுப் பாகிஸ்தானிய அமெரிக்கப் பிள்ளை. மார்வெலில் தனக்கென ஒரு தொடர் கிடைத்த முதல் முஸ்லிம் நாயகி. நினைத்தபடி உடலைப் பெருக்கவும் சுருக்கவும் நீட்டவும் அவளால் முடியும். முதல் தொகுதிக்கு 2015இல் ஹியூகோ விருது கிடைத்தது. 2022இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்ததால் நமது வீடுகளிலும் அவளைத் தெரிந்தவர்கள் உண்டு.

பெயரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். "கமலா என்டா முஸ்லிம் பேரா டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நம் காதில் தாமரை விழும். ஆனால் அரபியில் 'கமால்' என்றால் நிறைவு, பூரணம். கமலாவின் வாப்பாவும் மகளுக்கு அந்தப் பொருளைத்தான் சொல்கிறார்.

ஆறாம் இதழை எடுத்ததற்குக் காரணம் உண்டு. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் சிலர் தொலைபேசியில் இத்தொடரை வாசித்துவிட்டு என்னோடு கதைப்பார்கள். ஆறாம் இதழை வாசித்த ஒரு பிள்ளை முறைப்பட்டது: "டீச்சர், இது அந்தப் புள்ளட கதையா, இல்லாட்டி மத்த ஆக்கள்ட கதையா?" நல்ல கேள்வி. அந்த இதழில் கமலா இரண்டு பேரின் நிழலில் நிற்கிறாள். முதற்பாதியில் பள்ளிவாசல் ஷெய்க். பிற்பாதியில் வூல்வரின். இதழை மூடிவைத்த பிறகு மனதில் நிற்பவர்கள் இந்த இருவரும்தான். நாயகி எங்கே போனாள்?

நாயகியைத் துணைப்பாத்திரம் மறைத்துவிட்டால் அது கதையின் பலவீனம் என்பது பொதுவான விதி. ஆனால் மறைப்பது எல்லாம் ஒரே மாதிரியான மறைப்பு அல்ல என்பதே என் வாதம். ஒருவர் பெரிதாக எழுந்து நிற்கும்போது நாயகியின் கையிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறார், எதைக் கொடுத்துவிட்டுப் போகிறார் என்று பார்க்க வேண்டும். ஆறாம் இதழில் இரண்டு விதமும் அடுத்தடுத்து வருவதால், இதைப் படிப்பதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

ஷெய்க் அப்துல்லாஹ்வின் அறை

கதை இதுதான். கமலா இரவில் வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். காரணம் சொல்ல முடியவில்லை. உம்மாவும் வாப்பாவும் கலங்கிப்போகிறார்கள். நம் வீடுகளில் என்ன நடக்குமோ அதுவே அங்கும் நடக்கிறது: "போய் ஹஸ்ரத்தோட கொஞ்சம் கதைச்சிட்டு வா." அவள் பயந்து பயந்து ஷெய்க் அப்துல்லாஹ்விடம் போகிறாள்.

இந்த ஷெய்க் நமக்குப் புதியவர் அல்லர். மூன்றாம் இதழில் அவரைப் பார்த்திருக்கிறோம். பள்ளியில் பெண் பிள்ளைகள் தடுப்புக்குப் பின்னால் இருக்கிறார்கள். பேசுகிறவரைப் பார்க்க முடியவில்லை என்று கமலா முறைப்படுகிறாள். பிறகு அவளும் துருக்கியத் தோழி நக்கியாவும் பக்கவாசலால் நழுவிவிடுகிறார்கள். அந்தக் காட்சியில் அவர் கண்டிப்பான ஒரு பழைய காலத்து மனுஷன். ஆகவே ஆறாம் இதழில் கமலா என்ன எதிர்பார்க்கிறாளோ அதையே நாமும் எதிர்பார்க்கிறோம்: ஷைத்தான், ஆண் பிள்ளைகள், நரகம் பற்றி ஒரு நீண்ட பயான்.

அது நடக்கவில்லை. முழு விஷயத்தையும் சொல்லாமல், தான் மற்றவர்களுக்கு உதவி செய்வதாக மட்டும் அவள் சொல்கிறாள். அவர் தோண்டித் துருவவில்லை. என்னிடம் சொல்ல விரும்பாத இந்தக் காரியத்தை நீ செய்யத்தான் போகிறாய் என்றால் துணிவோடும் நேர்மையோடும் இரக்கத்தோடும் சுயமரியாதையோடும் செய் என்ற கருத்தில் பேசுகிறார். உனக்கு ஒரு ஆசான் தேவை, நீ தயாரானதும் ஆசான் வருவார் என்றும் சொல்லி அனுப்பிவிடுகிறார்.

சில பக்கங்களே வரும் காட்சி. அடிதடி இல்லை, பறத்தல் இல்லை. ஓர் அறைக்குள் இருவர் பேசுகிறார்கள். ஆனால் இதழில் மிகவும் பலமான இடம் அதுதான். காரணம் என்ன? அமெரிக்கச் சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் தாடி வைத்த பள்ளிவாசல் மனிதர் வந்தால் அடுத்து என்ன வரும் என்று உலகத்துக்கே தெரியும். வாசகர் அந்த எதிர்பார்ப்போடுதான் அறைக்குள் நுழைகிறார். அந்த எதிர்பார்ப்பை வில்சன் சத்தமில்லாமல் கவிழ்க்கிறார். கவிழ்ப்பதற்காக ஷெய்கைப் புதுமைவாதியாக்கவில்லை. தடுப்பை எடுத்துவிட்டேன் என்றும் அவர் சொல்லவில்லை. மூன்றாம் இதழின் அதே மனுஷன்தான். பிள்ளை வழிதவறிவிடுமோ என்று பயப்படுகிறவரும் அவர்தான், பிள்ளையின் நிய்யத்தை மதிக்கிறவரும் அவர்தான். இரண்டும் ஒருவருக்குள் இருக்கலாம் என்பது நம் ஊர்களில் பிறந்தவர்களுக்குத் தெரியும். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அது புதினம்.

இங்கே ஷெய்க் கமலாவைவிடப் பெரிதாகத் தெரிகிறார் என்பது உண்மை. அவள் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆனால் அந்த அறையைவிட்டு வெளியேறும்போது அவள் கையில் முன்பு இல்லாத ஒன்று இருக்கிறது. இதுவரை அவள் செய்தது வீட்டுக்குத் தெரியாமல் செய்த களவு வேலை. இனி அது ஒழுக்கத்தின் பெயரால் அவளே பொறுப்பெடுக்க வேண்டிய வேலை. அனுமதியைவிடக் கனமான பொருள் அது. மறைத்தவர் கொடுத்துவிட்டுப் போகிறார்.

இன்னொன்றும் நடக்கிறது. முஸ்லிம் நாயகி ஒருத்தியை எழுதினால், உலகத்து முஸ்லிம்கள் எல்லாரையும் அவள் தோளில் ஏற்றிவிடுவார்கள். அவள் முக்காடு போட்டால் ஒரு பேச்சு, போடாவிட்டால் ஒரு பேச்சு. 2019 ஏப்ரலுக்குப் பிறகு இந்த நாட்டில் வாழ்ந்த எவருக்கும் இந்தச் சுமை என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை. கடையில், பஸ்ஸில், பாடசாலை வாசலில் ஒருத்தி தன் சமூகம் முழுவதற்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கமலாவின் தோளிலிருந்து அந்தச் சுமையை இறக்குபவர்கள் அவளுடைய துணைப்பாத்திரங்களே. தாடியும் தொழுகையுமாக இருக்கும் ஆமிர் நானா, வேலை தேடாமல் எந்நேரமும் துஆவில் இருக்கிறாயே என்று அவனைச் சீண்டும் வாப்பா, தன் விருப்பத்தில் முக்காடு போடும் நக்கியா, இந்த ஷெய்க் எல்லாரும் சேர்ந்து நிற்பதால்தான் கமலா ஒரு சாதாரணப் பிள்ளையாக இருக்க முடிகிறது. அவள் அவெஞ்சர்ஸை வைத்துக் கற்பனைக் கதை எழுதலாம், பொய் சொல்லலாம், தடுக்கி விழலாம். "முஸ்லிம் என்றால் யார்" என்ற கேள்விக்கு அவள் தனியே பதில் சொல்லத் தேவையில்லை. அவளுக்கு நிழல் விழுத்துகிறவர்கள் அவளை வெயிலிலிருந்து காப்பாற்றுகிறவர்களும்தான்.

சுரங்கத்தில் வந்த விருந்தாளி

இனி இரண்டாம் பாதி. காணாமற்போன ஒரு பிள்ளையைத் தேடிக் கமலா கழிவுநீர்ச் சுரங்கத்துக்குள் இறங்குகிறாள். ராட்சத முதலைகளுக்கு நடுவே வூல்வரினைச் சந்திக்கிறாள். எக்ஸ்-மென் கதைகளின் புகழ்பெற்ற நாயகன். கையிலிருந்து உலோக நகங்கள் நீளும் மனிதன். சித்திரக்காரர் ஜேக்கப் வயட் இந்த இடத்தில் உற்சாகமாகிவிடுகிறார். பக்கங்கள் விரிகின்றன, பாய்ச்சலும் வெட்டும் நிறைகின்றன. கமலா வாயைப் பிளந்து நிற்கும் ரசிகையாகிறாள். அவரை வைத்துத் தான் எழுதிய கதையை அவருக்கே சொல்கிறாள். சிரிப்பு வருகிறது. ஆனால் நாயகி ஒரு படி இறங்கிவிட்டாள்.

இது வியாபார உத்தி என்பதைச் சொல்லியாக வேண்டும். புதிய தொடர் ஒன்று ஐந்தாறு இதழ்கள் கடந்ததும் பெரிய நட்சத்திரத்தை விருந்தாளியாகக் கொண்டுவருவது அமெரிக்க காமிக்ஸில் பழைய வழக்கம். அவருடைய ரசிகர்கள் இந்த இதழை வாங்குவார்கள். அதில் ஒரு பகுதியினர் தொடர்ந்து நிற்பார்கள். அதே ஆண்டின் பிற்பகுதியில் மார்வெல் வூல்வரினின் மரணத்தை ஒரு தனிக் கதையாகவே வெளியிட்டது. ஆகவே அந்த மாதங்களில் அவர் பெயருக்குத் தனிக் கவனம் இருந்தது. நம் ஊர்க் கலியாண வீட்டில் எம்.பி. வந்ததும் மாப்பிள்ளையைவிட்டு எல்லாரும் அவரைப் பார்ப்பது போன்ற காட்சிதான்.

ஆனாலும் வில்சன் விருந்தாளியைச் சும்மா விடவில்லை. இந்தக் காலத்தில் வூல்வரின் தன் காயம் ஆறும் சக்தியை இழந்திருக்கிறார். வெட்டுப்பட்டால் வலிக்கும், இரத்தம் ஓடும். கமலாவுக்கோ காயம் ஆறுகிறது. ஏழாம் இதழில் அவள் அவரை முதுகில் சுமந்துகொண்டு ஏறுகிறாள்.

இந்தக் காட்சியின் முழு அர்த்தம் புரிய வேண்டுமென்றால் பன்னிரண்டு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். 2002இல் 'நியூ எக்ஸ்-மென்' 133ஆம் இதழில் கிரான்ட் மொரிசன், ஈதன் வான் ஸ்கைவர் இருவரும் ஒரு முஸ்லிம் பெண் பிள்ளையை அறிமுகம் செய்தார்கள். பெயர் சூரையா காதிர், புனைபெயர் 'டஸ்ட்'. ஆப்கானிஸ்தானத்துப் பிள்ளை, உடல் முழுதும் மூடிய கறுப்பு உடை, மணற்புயலாக மாறும் சக்தி. செப்டம்பர் 11இன் சூடு ஆறாத காலம். அந்தக் கதையில் அவளை அடிமை வியாபாரிகளிடமிருந்து மீட்டுக் கொண்டுவருபவர் யார்? இதே வூல்வரின்தான். சூரையா பேசுவது ஏறக்குறைய ஒரே சொல்: 'துராப்'. மண், தூசு என்று பொருள். அலி (ரழி) அவர்களின் 'அபூ துராப்' என்ற பெயரை அறிந்த நமக்குப் பழக்கமான அரபுச் சொல். ஆனால் ஆப்கான் பிள்ளை பேசுவது தரீ அல்லது பஷ்தூ அல்லவா? வீட்டுமொழிகூட அவளிடம் இல்லை. முஸ்லிம் என்றால் அரபி என்று யாரோ முடிவுசெய்து வாயில் வைத்த ஒரு சொல்லோடு அவள் நிற்கிறாள். மணற்புயலாகிப் பகைவரை அழிக்கும் சக்தி அவளுக்கு இருக்கிறது. ஆனாலும் கதை அவளுடையதல்ல, மீட்டவருடையது.

அதுதான் பறிக்கும் மறைப்பு. அங்கே துணைப்பாத்திரம் நாயகியின் பேச்சையும் ஊரையும் கதையையும் எடுத்துக்கொண்டு, அவளுக்கு உயிரை மட்டும் விட்டுவைக்கிறது. இப்போது 2014க்குத் திரும்புங்கள். அதே வூல்வரின், இன்னொரு முஸ்லிம் பிள்ளை. இந்த முறை அவள் பேசிக்கொண்டே இருக்கிறாள். சில இடங்களில் அவர்தான் "கொஞ்சம் வாயை மூடு பிள்ளை" என்று சொல்லும் நிலையில் இருக்கிறார். முன்பு மீட்டவர் இப்போது அவள் முதுகில். இதை வில்சன் நினைத்துத்தான் செய்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. இரண்டு இதழ்களையும் அருகருகே வைத்தால் அது தெரிகிறது. வாசகருக்கு அது போதும்.

ஆசான் ஏன் வெளியிலிருந்து வர வேண்டும்?

இத்தனைக்குப் பிறகும் எனக்கு ஒரு முறைப்பாடு மிச்சம் இருக்கிறது. ஆசான் வருவார் என்கிறார் ஷெய்க். சில பக்கங்கள் திரும்பியதும் வூல்வரின் வந்துவிடுகிறார். கதையின் ஓட்டத்தில் 'அந்த ஆசான் இவர்தான்' என்று ஆகிவிடுகிறது. சரி. ஆனால் ஆசான் ஏற்கெனவே வந்துவிட்டாரே! அந்த அறையில் அவளுக்குப் பாடம் சொன்னவர் யார்? கதை அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஷெய்க் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். உண்மையான பயிற்சி பிரபலமான வெள்ளைக்கார வீரரிடமிருந்து கிடைக்க வேண்டும். பிறகு அந்த வீரர் கெப்டன் அமெரிக்காவுக்குச் சொன்னால்தான் பெரிய சபைக்கு இவள் பெயர் போய்ச் சேரும்.

சிறுபான்மையினரின் கதைகள் பெரும் சந்தைக்குப் போகும்போது இந்த அமைப்பு அடிக்கடி வரும். சமூகம் ஒழுக்கத்தைக் கொடுக்கும். திறமையை வெளியே இருப்பவர் கொடுப்பார். சமூகம் அன்பு காட்டும். அங்கீகாரம் வேறிடத்திலிருந்து வரும். நமது ஷெய்க் நல்ல மனுஷன் என்று காட்டியதில் சந்தோஷப்பட்டு, அவர் கையில் கதையின் இயக்கம் இல்லை என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. ஆறாம் இதழின் உண்மையான குறை வூல்வரின் அதிக இடம் பிடித்தது அல்ல. ஷெய்குக்கு இடம் போதாமற்போனது.

இதற்கு ஒரு மறுப்புச் சொல்லலாம், அது வலுவான மறுப்பு. ஒரு ஆசான் மாணவனை இன்னொரு ஆசானிடம் அனுப்புவது நம் மரபில் குறை அல்ல. சூரா கஹ்ஃபில் வரும் மூஸா (அலை), ஹிழ்ர் (அலை) சரித்திரத்தை நினையுங்கள். பெரும் நபியான மூஸா (அலை) அவர்களே அறிவைத் தேடிப் பயணம் போய், அங்கே பொறுமையிழந்து கேள்வி கேட்கும் மாணவராக நிற்கிறார்கள். அந்தப் பகுதி முழுதும் ஹிழ்ர் (அலை) அவர்களே ஓங்கித் தெரிகிறார்கள். அதனால் மூஸா (அலை) அவர்களின் மதிப்புக் குறைந்ததா? தன்னைவிட அறிந்த ஒருவரின் முன்னால் சிறிதாக நிற்கத் தெரிந்ததே அவர்களின் பெருமை. வெளியாளிடமிருந்து கற்பது தாழ்வல்ல என்று இந்த மறுப்புச் சொல்கிறது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வூல்வரின் சொல்லிக்கொடுப்பது வலியைத் தாங்குவது, சண்டையின் விலையை அறிவது. பெரிய பாடங்கள்தான். எதற்காகச் சண்டை என்ற பாடம் ஷெய்கிடம் இருந்தது. அந்தப் பாடத்தை அவள் சுரங்கத்தில் ஒருமுறையாவது நினைத்துப் பார்த்திருக்க வேண்டாமா?

தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு இந்த இடத்தில் கவுந்தியடிகள் நினைவு வருகிறது. சிலப்பதிகாரத்தில் புகாரிலிருந்து மதுரைக்குப் போகும் வழியெல்லாம் கண்ணகி ஏறக்குறைய மௌனம். பேசுபவர், வழி சொல்பவர், இழித்துப் பேசியவர்களைச் சபித்து நரியாக்குபவர் சமணத் துறவியான கவுந்தி. நாயகியை ஒரு துறவி முழுதாக மறைத்துவிட்டார் என்று எவரும் சொல்லலாம். ஆனால் மதுரைக்கு வெளியே இடைக்குல முதியவள் மாதரியிடம் கண்ணகியை ஒப்படைத்துவிட்டுக் கவுந்தி ஒதுங்குகிறார். அதன் பிறகு பாண்டியன் அவையில் பேசுவது முழுக்க முழுக்கக் கண்ணகி. அங்கே கவுந்தியும் இல்லை, மாதரியும் இல்லை. வழியில் சேர்ந்த மௌனம் முழுதும் வழக்குரை காதையில் வெடிக்கிறது. இளங்கோ செய்தது இதுதான்: பெரியவரை முழுதாகப் பெரியவராக எழுதினார்; பிறகு நாயகியின் நேரம் வந்ததும் அவரைக் கதைக்கு வெளியே நிறுத்தினார். யாரை எப்போது ஓங்கவிடுவது, எப்போது விலக்குவது என்ற கணக்குத் தெரிந்தால், துணைப்பாத்திரத்தைக் கண்டு எழுத்தாளர் பயப்படத் தேவையில்லை. ஆறாம் இதழில் ஷெய்க் விலகியதும் கமலாவின் நேரம் வர வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாக இன்னொரு பெரியவர் வந்துவிட்டார். கோளாறு இந்த வரிசையில்தான் இருக்கிறது.

கராச்சியில் ஒரு திருத்தம்

இந்தக் கணக்கு வில்சனுக்குப் பிடிபட்ட இடத்தையும் சொன்னால்தான் நியாயம். 2015இல் புதிதாகத் தொடங்கிய தொடரின் பன்னிரண்டாம் இதழ், 2016இல் வந்தது. சித்திரம் மிர்க்கா அன்டொல்ஃபோ. நண்பன் புரூனோவின் உடலையும் அவனோடு இருந்த நட்பையும் முறித்துப்போட்ட ஒரு பெரிய சண்டைக்குப் பிறகு, மனம் நொந்த கமலா கராச்சிக்குப் போகிறாள். அமெரிக்காவில் தன்னைப் பாகிஸ்தானி என்று உணர்ந்தவள், அங்கே அமெரிக்கக்காரியாகத் தெரிகிறாள். இரவில் முகத்தை மறைத்துக்கொண்டு அநியாயம் ஒன்றைத் தட்டிக்கேட்கப் புறப்படுகிறாள். அங்கே அந்த ஊருக்கென்று ஒரு வீரன் ஏற்கெனவே இருக்கிறான். பெயர் 'ரெட் டேகர்', லால் கன்ஜர்; கையில் எறியும் கத்திகள். உனக்கு இந்த ஊர் தெரியாது என்பதை அவன் உணர்த்திவிடுகிறான். அவன் கரீம், தன் குடும்பத்தோடு தங்கிப் படிக்கும் பையன், என்பதுகூட அவளுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

இங்கேயும் நாயகி சிறிதாகிறாள். ஆனால் அவளைச் சிறிதாக்குவது நட்சத்திர விருந்தாளி அல்ல. தன் அலுவலைத் தானே பார்த்துக்கொள்ளும் ஒரு முஸ்லிம் நகரம். மீட்பதற்கு ஒரு வெளியாள் வேண்டும் என்று 2002இன் ஆப்கானிஸ்தானம் காத்திருந்தது. 2016இன் கராச்சி எவருக்காகவும் காத்திருக்கவில்லை, கமலாவுக்காகக்கூட. ஆறாம் இதழில் நான் தேடிக் கிடைக்காதது இங்கே கிடைக்கிறது: கற்றுக்கொடுப்பவரும் உள்ளிருந்து வருகிறார். அவள் அங்கிருந்து வெற்றியோடு திரும்பவில்லை, ஓர் அளவோடு திரும்புகிறாள். தன் சக்தி எங்கே உதவும், எங்கே இடைஞ்சலாகும் என்ற அளவு. சூப்பர்ஹீரோ கதைகளில் அபூர்வமாகக் கிடைக்கும் பாடம் அது.

நமது எழுத்துக்கு

இந்தக் கட்டுரையை ஓர் அமெரிக்கச் சித்திரக்கதையோடு நிறுத்திவிட எனக்கு மனமில்லை. நமது கதைகளில் துணைப்பாத்திரங்கள் என்னவாக வருகிறார்கள்? நான் வாசித்த முஸ்லிம் சிறுகதைகள் பலவற்றில் லெப்பை என்றால் கத்தம் சோற்றுக்கு அலைபவர். ஹஸ்ரத் என்றால் கத்துபவர். உம்மா என்றால் கண்ணைக் கசக்கிக்கொண்டு குசினிக்குள் நிற்பவர். கதை தொடங்க முன்னமே இவர்களுக்கான தீர்ப்பு எழுதியாகிவிட்டது. சீர்திருத்த நோக்கத்தோடு எழுதிய காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் வரும் தங்களைப் போன்ற ஏமாற்றுக்காரர்கள் உண்மையிலேயே இருந்தார்கள். அவர்களை எழுதத்தான் வேண்டும். ஆனால் மீரானின் நாவல் ஒரு தங்களோடு முடிவதில்லை; அங்கே ஒரு கிராமமே மூச்சுவிடுகிறது. அவரைப் பின்பற்றியவர்கள் தங்களை எடுத்துக்கொண்டு கிராமத்தை விட்டுவிட்டார்கள்.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. சமூகத்துக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று பயந்து எழுதும் கதைகளில் எல்லாரும் நல்லவர்கள். ஹஸ்ரத் வாயைத் திறந்தால் உபதேசம், நாயகி வாயைத் திறந்தால் ஒத்துக்கொள்ளல். அதுவும் ஒரு மறைப்புத்தான். அங்கே நாயகியை மறைப்பது மனிதர் அல்ல, சமூகத்தின் கௌரவம். ஷெய்க் அப்துல்லாஹ் இந்த இரண்டு வகையிலும் சேரமாட்டார். தடுப்பு போட்டவர், பிள்ளையை நம்பியவர். இரண்டில் ஒன்றை அழித்திருந்தால் அவர் ஒரு படமாகப் போயிருப்பார்.

வகுப்பில் அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு நான் கொடுத்த பதில் இதுதான். ஒரு கதையில் யார் பெரிதாகத் தெரிகிறார்கள் என்று அளக்காதே மகள். அவர்கள் போன பிறகு உன் நாயகியிடம் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார். சூரையாவிடம் ஒரு சொல் மிஞ்சியது. சுரங்கத்திலிருந்து ஏறிவந்த கமலாவின் முதுகில் வூல்வரினின் பாரம் இருந்தது. அதற்கு முன்பே ஷெய்க் கொடுத்த பொறுப்பும் அவளிடம் இருந்தது. இரண்டாவது பாரத்தைக் கதை பாதி வழியில் மறந்துவிட்டது. அதை ஞாபகம் வைத்திருக்கிற கதையை இனி நம்மில் யாராவது எழுத வேண்டும்.